வானத்துக் கண்ணும் அடங்கல் ஏடும்

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

முன்னுரை

அறிவியல் கண்டுபிடிப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிறப்பு உண்டு. ஆய்வுக்கூடத்தில் பிறப்பது முதற்பிறப்பு. அலுவலகத்தில் ஒரு கோப்பில் இடம்பெற்று, ஓர் அதிகாரியின் கையொப்பத்துக்கு ஆதாரமாகி, ஏழை ஒருவனின் கைக்குப் பயனாக வந்து சேர்வது இரண்டாம் பிறப்பு. முதற்பிறப்பைப் பற்றி நம் பாடநூல்கள் நிறையப் பேசுகின்றன. இரண்டாம் பிறப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

செயற்கைக்கோளிலிருந்து நிலத்தைப் படம் பிடிக்கும் தொலையுணர்வுக் கலை இந்தியாவுக்கு வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அக்கலை பயிர்க் காப்பீடு என்னும் மாபெரும் நிர்வாகத்துக்குள் எவ்வாறு நுழைந்தது, அங்கே அது என்ன செய்கிறது, எங்கே இடறுகிறது என்பனவற்றைத் தஞ்சை மண்ணின் நெல்லை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் குத்தகைக்கு நிலம் பிடித்துச் சாகுபடி செய்பவர். ஆகவே இப்பொருள் எனக்குப் பாடமாக மட்டும் அமையவில்லை.

அளப்பது நமக்குப் புதிதன்று

நிலத்தை அளந்து ஏட்டில் ஏற்றுவது தஞ்சைக்குப் புதிய செய்தியன்று. முதலாம் இராசராசன் காலத்தில் சோழ நாட்டின் நிலங்கள் அளக்கப்பட்டன. 1010-இல் நிறைவெய்திய பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், கோயிலுக்கு விடப்பட்ட நிலங்களின் பரப்பு வேலி, மா, காணி, முந்திரிகை என மிக நுண்ணிய பின்னங்கள் வரை வெட்டப்பட்டிருக்கிறது. வரி வாங்கவும் தானம் கொடுக்கவும் அளவு தேவைப்பட்டது. அளவு ஏட்டில் இருந்தால்தான் நிர்வாகம் நடந்தது.

உயரத்திலிருந்து நிலத்தைப் பார்த்து அளக்கும் முயற்சியும் இங்கே நடந்ததுண்டு. 1802-இல் சென்னையில் தொடங்கிய மாபெரும் முக்கோண நில அளவையின்போது, லாம்டன் என்னும் ஆங்கிலேயரின் குழுவினர் 1808-இல் தங்கள் பெரிய கோணமானியைப் பெரிய கோயிலின் விமானத்துக்கு மேலேற்ற முயன்றனர். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சேதமுற்றது. சமவெளியாகிய இந்நாட்டில் தொலைவு பார்க்க வேறு குன்று இல்லாததால் கோயில் விமானத்தையே நாட வேண்டியிருந்தது. இன்று அந்த உயரத்தைச் செயற்கைக்கோள் நமக்குத் தருகிறது.

இந்தியாவில் தொலையுணர்வின் தொடக்கமும் ஒரு பயிரின் நோயோடு தொடர்புடையது. 1970-ஆம் ஆண்டையொட்டி, பேராசிரியர் பி. ஆர். பிஷாரடி அவர்களின் தலைமையில், கேரளத்துத் தென்னை மரங்களைத் தாக்கிய வாடல் நோயை வானிலிருந்து அகச்சிவப்புப் படம் எடுத்துக் கண்டறியும் சோதனை நடைபெற்றது. 1974-இல் ஐதராபாத்தில் தேசியத் தொலையுணர்வு முகமை நிறுவப்பட்டது. அது 2008 முதல் தேசியத் தொலையுணர்வு மையமாக இயங்கி வருகிறது. 1988 மார்ச் 17 அன்று ஐ.ஆர்.எஸ்.-1ஏ என்னும், முழுச் செயற்பாட்டுக்கான நம் முதல் தொலையுணர்வுக் கோள் விண்ணில் ஏறியது. 2012-இல் பயிர் விளைச்சலை முன்கூட்டிக் கணிப்பதற்கென்றே மகாலனோபிஸ் தேசியப் பயிர் முன்கணிப்பு மையம் புதுதில்லியில் அமைந்தது.

இத்தனை இருந்தும், சம்பா நெல்லைப் பொறுத்தவரை ஒரு பெரிய இடையூறு நெடுங்காலம் நீடித்தது. அதுதான் மேகம்.

முகிலைத் துளைக்கும் கண்

சம்பா வளரும் காலம் வடகிழக்குப் பருவமழைக் காலம். ஐப்பசி, கார்த்திகையில் தஞ்சை வானம் பல நாள் மூடியே கிடக்கும். சாதாரணச் செயற்கைக்கோள் படம் சூரிய ஒளியைக் கொண்டு எடுக்கப்படுவது. மேகம் மறைத்தால் படத்தில் பஞ்சுப்பொதிதான் தெரியும். பயிரைப் பார்க்க வேண்டிய வேளையில் கண் மூடிக்கொண்டால் என்ன பயன்?

இவ்விடையூற்றை நீக்கியது ரேடார். ரேடார் கோள் சூரியனை நம்பியிருப்பதில்லை. தானே நுண்ணலைகளைக் கீழே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பதிவு செய்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2014 ஏப்ரலில் ஏவிய சென்டினல்-1ஏ என்னும் கோளின் அலைநீளம் ஏறத்தாழ 5.5 சென்டிமீட்டர். மேகத்திலுள்ள நீர்த்திவலைகளோ மில்லிமீட்டரில் சிறு பகுதியே. அலைநீளத்தைவிடத் துகள் மிகச் சிறியதாக இருந்தால் அலை பெரும்பாலும் தடையின்றிக் கடந்து செல்லும் என்பதை நாம் ஒளியியல் வகுப்பில் படித்திருக்கிறோம். எனவே இரவானாலும் மழையானாலும் ரேடார் பார்க்கும்.

அது நெல்லை எப்படி அடையாளம் காண்கிறது? இங்கேதான் இயற்பியலும் உழவும் கைகோக்கின்றன. சேற்றுழவு செய்து தண்ணீர் கட்டிய வயல் கண்ணாடி போன்றது. சாய்வாக வந்து விழும் அலையை அது மறுபக்கம் தெறிக்கச் செய்துவிடும். கோளுக்கு எதிரொலி வராது. படத்தில் அவ்வயல் கறுப்பாகத் தெரியும். நடவு முடிந்து பயிர் தூர் கட்டி உயர உயர, அலை தண்டிலும் நீரிலும் மாறி மாறி மோதித் திரும்புகிறது. எதிரொலி ஏறிக்கொண்டே போகும். படம் வெளுத்துக்கொண்டே வரும். பயிர் தழைத்து மூடிய பின் அந்த ஏற்றம் நின்றுவிடும். கறுத்து, பின் சீராக வெளுக்கும் இந்த ஒழுங்கு நெல்லுக்கே உரிய கையெழுத்து எனலாம். கரும்பும் வாழையும் தரிசும் வேறு வகையில் எழுதுகின்றன.

ஒரே பாதைக்கு அக்கோள் 12 நாளுக்கு ஒருமுறை திரும்பி வரும். 150 நாள் சம்பாவுக்கு ஏறக்குறைய 12 படங்கள் கிடைக்கும். ஒற்றைப் படத்தால் பயனில்லை. படங்களை வரிசையாக அடுக்கினால் எந்த வாரம் நடவு நடந்தது, எங்கே நடக்கவில்லை என்பது விளங்கும். அன்றியும் இப்படங்களை யாரும் கட்டணமின்றிப் பெறலாம். அறிவியல் செல்வம் பொதுவில் வைக்கப்பட்டதால் விளைந்த நன்மை இது. நம் நாடும் இத்துறையில் பின்தங்கவில்லை. 2012-இல் ரிசாட்-1 என்னும் ரேடார் கோளை ஏவினோம். 2025 சூலை 30 அன்று அமெரிக்காவுடன் சேர்ந்து உருவாக்கிய நிசார் கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது.

நான்கு சதுரமும் ஒரு கிராமமும்

இனி, இந்தக் கண் எந்த நிர்வாகத்துக்குத் தேவைப்பட்டது எனக் காண்போம்.

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் தொடங்கியது. காரிப் பருவ உணவுப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடும், ராபிப் பருவப் பயிருக்கு 1.5 விழுக்காடும் உழவர் செலுத்த வேண்டும். எஞ்சிய பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. இழப்பீடு தனித்தனி வயலைப் பார்த்துக் கணக்கிடப்படுவதில்லை. முக்கியப் பயிர்களுக்குக் கிராமமே அலகு. அக்கிராமத்தின் முந்தைய ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு ஓர் உத்தரவாத மகசூல் வரையறுக்கப்படும். இவ்வாண்டு உண்மை மகசூல் அதற்கு எத்தனை விழுக்காடு குறைகிறதோ, காப்பீட்டுத் தொகையில் அத்தனை விழுக்காடு இழப்பீடு.

உண்மை மகசூலை எப்படி அறிவது? பயிர் அறுவடைச் சோதனை என்னும் முறையால் அறிகிறார்கள். கிராமத்தில் நான்கு வயல்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டி, அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்து எழுதுகிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நம் பழமொழியின் புள்ளியியல் வடிவமே இது.

ஆனால் பானை எவ்வளவு பெரிது எனக் கணக்கிட்டுப் பாருங்கள். 5 மீட்டர் சதுரம் என்பது 25 சதுர மீட்டர். நம் வழக்கில் இரண்டு குழிக்கும் குறைவு. நான்கும் சேர்ந்து 100 சதுர மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். ஒரு கிராமத்தில் 500 ஏக்கர் நெல் இருப்பதாகக் கொள்வோம். அது 50,000 சென்ட். எனவே இருபதாயிரத்தில் ஒரு பங்கைப் பார்த்து முழுக் கிராமத்துக்கும் தீர்ப்பு எழுதுகிறோம். பானைச் சோறு ஒரே சீராக வேகும். கிராமத்து வயல்கள் அப்படியல்ல. வாய்க்கால் தலைப்பில் விளைந்திருக்கும், கடைமடையில் காய்ந்திருக்கும். சதுரம் எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்து ஊரின் தலையெழுத்து மாறிவிடும்.

மேலும் இச்சோதனைகள் அனைத்தும் அறுவடைக் காலத்துச் சில வாரங்களுக்குள் நடந்தாக வேண்டும். ஊழியர் சிலர், கிராமங்களோ ஆயிரக்கணக்கு. ஒரு சோதனை தாமதமானால் கணக்கு தாமதமாகும். கணக்கு தாமதமானால் தொகை தாமதமாகும். அதற்குள் அடுத்த பருவத்துக்கு விதை வாங்கும் நாள் வந்துவிடும். அந்த நாளில் கையில் பணம் இல்லாத உழவன் எங்கே போவான் என்பது இக்கட்டுரையைப் படிக்கும் பலருக்கும் தெரியும்.

2016: மழை பொய்த்த சம்பா

வானத்துக் கண்ணும் இந்நிர்வாகமும் நம் மாநிலத்தில் பெரிய அளவில் சந்தித்தது ஒரு துயரமான ஆண்டில். 2016-இல் மேட்டூர் அணை வழக்கமான சூன் 12-இல் திறக்கப்படவில்லை. செப்டம்பர் 20-இல்தான் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரி 10 அன்று தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது.

காப்பீட்டுத் திட்டத்தில் ‘விதைப்புப் பொய்த்தல்’ என்றொரு பிரிவு உண்டு. ஒரு கிராமத்துப் பரப்பில் 75 விழுக்காட்டுக்கு மேல் விதைக்க இயலாது போனால், காப்பீட்டுத் தொகையில் 25 விழுக்காட்டை உடனே தந்துவிடலாம். நல்ல விதிதான். ஆனால் எந்தக் கிராமத்தில் 75 விழுக்காடு, எதில் 70 விழுக்காடு என யார் சொல்வது? ஊர் ஊராகச் சென்று பார்த்து முடிப்பதற்குள் பருவமே முடிந்துவிடும்.

இவ்விடத்தில் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உதவிக்கு வந்தது. அப்பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வுத் துறை, பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம், சுவிட்சர்லாந்தின் சர்மேப் நிறுவனம் முதலியன சேர்ந்து ‘ரைஸ்’ என்னும் ஆய்வுத் திட்டத்தைச் சில ஆண்டுகளாக நடத்தி வந்தன. ஆசியாவில் 13 இடங்களில் ரேடார் கொண்டு வரைந்த நெற்பரப்பு வரைபடங்கள் 85 முதல் 95 விழுக்காடு வரை சரியாக இருந்தன என 2014-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. சோதனையாக இருந்த அது 2016-17-இல் கடமையாக மாறியது. கிராமவாரியாக எங்கே விதைப்பு நடந்தது, எங்கே நடக்கவில்லை என்ற வரைபடங்கள் ஆயத்தமாயின. இந்திய வேளாண் காப்பீட்டு நிறுவனம் அவற்றைச் சான்றாகக் கொண்டது. ஏழு மாவட்டங்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட நெல் உழவர்களுக்கு இழப்பீடு சென்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த ஆண்டு புதிதாக எந்தக் கருவியும் கண்டுபிடிக்கப்படவில்லை. கோள் ஏற்கெனவே வானில் இருந்தது, மென்பொருள் இருந்தது, வல்லுநர் இருந்தனர். புதிதாக நேர்ந்தது என்னவெனில், ‘75 விழுக்காடு’ என்ற விதியின் எதிரே காலியாக இருந்த இடத்தில் அந்தப் படம் வைக்கப்பட்டது. அவ்வளவே.

படம் கோப்பில் ஏறும் வழி

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அலுவலகத்தின் நடைமுறையில் சேராத படமும் அத்தகையதே. உலகிலும் இதற்குச் சான்று உண்டு. 1972-இல் சோவியத் நாடு அமெரிக்காவிடம் பெருமளவு தானியம் வாங்கியது. உலகச் சந்தையில் விலை ஏறியது. அங்கே விளைச்சல் பொய்த்ததை முன்கூட்டி அறிய வழியில்லாது போயிற்றே என்ற எண்ணம் எழுந்தது. 1974-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையும் விண்வெளி நிறுவனமும் வானிலை நிறுவனமும் ஒன்றுசேர்ந்து லேசி என்னும் திட்டத்தைத் தொடங்கின. 1977-இல் சோவியத் கோதுமை விளைச்சலைப் பற்றி அவர்கள் கணித்தது, பின்னர் வெளியான அந்நாட்டு அரசின் எண்ணிக்கைக்கு மிக அருகில் இருந்தது. கோள் ஒரு நிறுவனத்திடமும், மழைக்கணக்கு ஒரு நிறுவனத்திடமும், பயிரறிவு ஒரு நிறுவனத்திடமும் இருந்தன. மூன்றும் ஒரே மேசையில் கூடியதால்தான் எண் பிறந்தது.

நம் நாட்டிலும் அடுத்த படி 2023-இல் எடுக்கப்பட்டது. அவ்வாண்டு காரிப் பருவம் முதல், நெல்லுக்கும் கோதுமைக்கும் தொழில்நுட்பம் வழி மகசூல் கணிக்கும் ‘எஸ்-டெக்’ என்னும் முறை காப்பீட்டுத் திட்டத்தில் புகுத்தப்பட்டது. அறுவடைச் சோதனை மகசூலோடு தொழில்நுட்ப மகசூலுக்கும் குறைந்தது 30 விழுக்காடு எடை தர வேண்டும் என்பது விதி.

அந்த 30 விழுக்காட்டின் பொருளை ஓர் எளிய கணக்கால் உணரலாம். உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 1,000 கிலோ என்றும், காப்பீட்டுத் தொகை 30,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். அறுவடைச் சோதனையில் 700 கிலோ வந்தால் குறைவு 30 விழுக்காடு. இழப்பீடு 9,000 ரூபாய். செயற்கைக்கோள் கணிப்பு 900 கிலோ என்று சொன்னால், 700-இல் 70 விழுக்காடு 490. 900-இல் 30 விழுக்காடு 270. கூட்டினால் 760 கிலோ. குறைவு 24 விழுக்காடாகிறது. இழப்பீடு 7,200 ரூபாய். ஏக்கருக்கு 1,800 ரூபாய் குறைந்துவிட்டது. மாறாக, சோதனைச் சதுரம் நல்ல வயலில் விழுந்து 900 என்றும், கோள் 700 என்றும் சொன்னால் இழப்பீடு 3,000-இலிருந்து 4,800 ஆக உயரும். ஆகவே இது உழவனுக்கு நன்மையா தீமையா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. கோளின் எண் எவ்வளவு சரி, அதைச் சரிபார்க்க உழவனுக்கு வழி உண்டா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

கோளுக்குத் தெரியாதவை

எந்தக் கருவியையும் அதன் எல்லையோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். வானத்துக் கண்ணுக்கும் எல்லைகள் உண்டு.

முதலாவது, அளவின் எல்லை. இவ்வகை நெல் வரைபடங்களில் ஒரு புள்ளி ஏறத்தாழ 20 மீட்டர் பக்கமுள்ள சதுரம். சுமார் 10 சென்ட். தஞ்சைக் கணக்கில் ஒரு மா என்பது 100 குழி, அதாவது 33 சென்ட். ஒரு மா வைத்திருப்பவரின் வயல் வானத்திலிருந்து மூன்று புள்ளிதான். அதிலும் வரப்போரத்துப் புள்ளியில் பக்கத்து வயலும் வாய்க்காலும் கலந்திருக்கும். கிராமம் முழுவதையும் கூட்டிப் பார்க்கும்போது இப்பிழைகள் ஒன்றையொன்று ஓரளவு சரிக்கட்டிக்கொள்ளும். ஒற்றை வயலுக்கு அந்த ஆறுதல் இல்லை. ஆகவே கிராமத்துக்குப் பொருந்தும் படத்தை ஒரு தனி மனிதனின் வயலுக்கு எதிராகச் சான்று காட்டுவது அறிவியல் ஆகாது.

இரண்டாவது, பயிரின் எல்லை. ரேடார் பார்ப்பது இலையையும் தண்டையும் நீரையும். கதிருக்குள் பால் பிடித்திருக்கிறதா, பதராய்ப் போயிற்றா என்பதை அது நேராகக் காண்பதில்லை. பூக்கும் தருணத்தில் பெருமழை அடித்தால் பயிர் பச்சையாக நிமிர்ந்தே நிற்கும். களத்தில் தூற்றும்போதுதான் உண்மை தெரியும். படத்தோடு வானிலைக் கணக்கையும் பயிர் வளர்ச்சிக் கணக்கீட்டையும் சேர்த்து மகசூலை ஊகிக்கிறார்கள். ஊகம் நல்லதே. ஆனால் முறமும் தராசும் இன்னும் தேவை.

மூன்றாவது, காலத்தின் எல்லை. நெல் வயல் நீரில் மூழ்குவதால் தனித்தனி வயலுக்கு ஏற்படும் இழப்பு 2018-இல் திருத்திய விதிகளில் காப்பீட்டுக்கு வெளியே வைக்கப்பட்டது. 2026 காரிப் பருவம் முதல் அது மீண்டும் சேர்க்கப்படும் என மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. தேங்கிய நீரை ரேடார் நன்றாகக் காணும் என்பது உண்மை. ஆனால் வெள்ளம் கோளின் நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. கோள் கடந்து சென்ற மறுநாள் ஏறிய நீர், அது திரும்பி வருமுன் வடிந்தும் போகலாம்; நாற்று அழுகியிருக்கும். படத்தில் நீர் இல்லை என்பதனால் வெள்ளமே வரவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

நான்காவதும் பெரியதுமான எல்லை, ஆளின் எல்லை. இங்கே பயிர் நிற்கிறது என்று கோள் சொல்லும். யார் பயிர் என்று சொல்லாது. அதைச் சொல்வது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல்.

2016 சம்பாவில் என் தந்தையார் ஐந்து மா நிலத்தில் நேரடி விதைப்புச் செய்திருந்தார். முளைத்தது, ஒரு சாண் உயரத்தில் கருகியது. நிலம் வேறொருவருடையது, குத்தகை வாய்மொழி. நிலத்துக்காரர் பயிர்க்கடன் பெற்றிருந்ததால், அப்போதைய விதிப்படி காப்பீடும் அவர் பெயரில் தானாகவே பதிவாயிற்று. இழப்பீடு அவர் கணக்குக்கு வந்தது. அவர் நல்ல மனிதர். ஒரு பகுதியை என் தந்தையாரிடம் கொடுத்தார். ஆனால் அது அவருடைய மனத்தைப் பொறுத்ததாக இருந்ததே தவிர, எங்களுடைய உரிமையாக இருக்கவில்லை. விதை நெல்லும் உழவுக் கூலியும் எங்களுடையவை. ஏட்டில் எங்கள் பெயர் இல்லை. வானத்துக் கண் சரியாகவே பார்த்திருந்தது. கீழே எழுதியிருந்த ஏடுதான் எங்களைப் பார்க்கவில்லை.

குத்தகைதாரரைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969-இலேயே சட்டம் வந்துவிட்டது. காப்பீட்டுத் திட்டமும் குத்தகைதாரருக்கு இடம் தருகிறது. ஆயினும் கோயில் நிலமும் மடத்து நிலமும் தனியார் நிலமுமாகக் கைமாறி உழப்படும் டெல்டாவில், எழுத்தில்லாக் குத்தகை இன்னும் ஏராளம். பதிவு கேட்டால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காமற் போகுமோ என்ற அச்சமே காரணம்.

செய்ய வேண்டுவன

குறையைச் சொல்வதோடு நின்றால் மாணவனின் கடமை முடிந்ததாகாது. எனக்குத் தோன்றும் சில வழிகளைப் பேராசிரியர்களின் பார்வைக்கு வைக்கிறேன்.

அறுவடைச் சோதனையைக் கைவிட்டுக் கோளை அமர்த்துவதைவிட, கோளைக் கொண்டு சோதனையைச் செம்மைப்படுத்துவது சிறந்தது. ஊரில் எது செழித்த பகுதி, எது நடுத்தரம், எது வாடிய பகுதி எனப் படம் முன்கூட்டியே காட்டிவிடும். அம்மூன்றிலும் சதுரம் விழுமாறு வயல்களைத் தேர்ந்தால், அதே நான்கு சதுரம் ஊரை மேலும் உண்மையாகக் காட்டும். படம் பரப்பைச் சொல்லட்டும். தராசு எடையைச் சொல்லட்டும்.

அடுத்து, படமும் அடங்கலும் ஒன்றையொன்று திருத்த வேண்டும். 2024 நவம்பரில் தமிழகத்தில் வேளாண் கல்லூரி மாணவர்கள் கைபேசியோடு வயல் வயலாகச் சென்று புல எண் வாரியாகப் பயிரைப் பதிவு செய்தார்கள். பாம்புக்கும் சேற்றுக்கும் அஞ்சாமல் அவர்கள் செய்த அப்பணி பாராட்டுக்குரியது. ஆனால் அந்தப் பதிவில் ‘பயிர் என்ன’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘உழுதவர் யார்’ என்ற கட்டமும் நேர்மையாக நிரப்பப்பட வேண்டும். அதை நிரப்புவதால் குத்தகை பறிபோகாது என்ற உறுதியும் வேண்டும். இது தொழில்நுட்பத்தால் ஆவதன்று. சட்டத்தைச் செயற்படுத்துவதால் ஆவது.

இறுதியாக, கிராமத்தின் படத்தைக் கிராமத்துக்குக் காட்ட வேண்டும். முடிவு எடுப்பதற்கு முன்பே ஊராட்சி அலுவலகச் சுவரில் அந்த வரைபடத்தை ஒட்டி, ஆட்சேபம் சொல்ல நாள் குறிக்க வேண்டும். வாய்க்கால், கோயில், சுடுகாடு, தோப்பு ஆகியன குறித்த படத்தை நம் உழவர் மிக எளிதாகப் படித்துவிடுவர். ‘இந்த மூலை நடவே ஆகவில்லையே, இங்கே ஏன் பச்சை போட்டிருக்கிறார்கள்?’ என்று கேட்கும் ஒரு முதியவரின் குரலைவிடச் சிறந்த சரிபார்ப்பு எந்தக் கணினியிலும் இல்லை. படத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமெனில், டெல்டாவிலுள்ள கல்லூரிகளின் இயற்பியல், புவியியல், கணினி மாணவர்கள் இருக்கிறோம். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் சாலை செப்பனிடுவது போல இதையும் ஒரு பணியாக ஏற்கலாம்.

முடிவுரை

பெரிய நிறுவனம் ஒன்று புதிய கருவியை வாங்குவது எளிது. அந்தக் கருவி சொல்வதற்கேற்பத் தன் படிவத்தையும், கையொப்ப வரிசையையும், நாட்கெடுவையும் மாற்றிக்கொள்வது அரிது. 2016-17-இல் அந்த அரிய செயலின் ஒரு பகுதி நடந்தது. அதனால் லட்சக்கணக்கானோர் பயனடைந்தனர். எஞ்சிய பகுதி இன்னும் நடக்க வேண்டியிருக்கிறது.

விண்ணில் சுற்றும் கோள் 12 நாளுக்கு ஒருமுறை தவறாமல் நம் வயல்களைப் பார்த்துச் செல்கிறது. அது பார்த்ததை உரிய நாளுக்குள், உரிய பெயருக்கு எதிரே எழுதும் ஏடு நம்மிடம் இருக்கிறதா என்பதே வினா. அந்த ஏட்டை எழுதும் அலுவலர்களாகவும், அதைத் திருத்தும் அறிவியலாளர்களாகவும் நாளை அமரப்போகிறவர்கள் இன்று இவ்வகுப்பறைகளில் இருக்கும் நாம்தான். அப்போது அடங்கலில் உழுதவன் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்வோமாக.